வெப்பத்தையும் கணக்கில் எழுதுக
(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் மாலை, சங்கத்தின் மாணவர்க்கும் உறுப்பினர்க்கும் ஆற்றிய உரை)

வெள்ளி விழா மேடையில் பேச வருவோர் சங்கத்தின் வரலாற்றைக் கூறுவதும், அதனை வளர்த்தவர்களைப் போற்றுவதும், இறுதியில் இளைஞர்களுக்கு நாலு அறிவுரை சொல்லி அமர்வதும் வழக்கம். எனக்கு முன் பேசியவர்கள் அவற்றையெல்லாம் என்னினும் சிறப்பாகச் செய்துவிட்டார்கள். கல்வியும் சமுதாய முன்னேற்றமும் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வேதியியல் கற்பித்தவன் நான். கரும்பலகை இல்லாமல், பாடம் இல்லாமல், பொதுவாகப் பேசுவது எனக்குக் கைவந்ததன்று. ஆகவே அவருடைய இசைவைப் பெற்று, இன்று ஒரு பாடத்தையே நடத்திவிடுவது என்று துணிந்து வந்திருக்கிறேன். இதோ மாலையிட்டு வைத்திருக்கும் அண்ணல் அம்பேத்கர் 1945ஆம் ஆண்டு மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, அது கலைகளோடு அறிவியலையும் கற்பிக்கும் கல்லூரியாகவே தொடங்கிற்று. ஆகையால் அவர் படத்தின் முன்னிலையில் வேதியியல் பாடம் நடத்துவது பொருத்தமற்ற செயல் ஆகாது என்று நம்புகிறேன்.

பாடத்தின் பெயர் வெப்ப வேதியியல் சமன்பாடு. இதனை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், நம் மாலை வகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். சமன்பாட்டைச் சரியாகச் சமன் செய்கிறார்கள். எண்ணையும் பிழையின்றி நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆயினும் மதிப்பெண் போய்விடுகிறது. ஒரு குறி மாறியிருக்கும். அல்லது பொருளின் நிலை எழுதப்பட்டிராது. அல்லது எத்தனை மோலுக்கு இந்த வெப்பம் என்பது விளங்காது. இவை அறிவுக் குறைவால் நேரும் பிழைகள் அல்ல. "இப்படி எழுது, கேள்வி கேட்காதே" என்று சொல்லிக்கொடுக்கப்பட்டதால் நேரும் பிழைகள். வீட்டில் கேட்டுத் தெளிய ஓர் அண்ணனோ அத்தையோ உள்ள பிள்ளை தப்பித்துக்கொள்கிறது. வீட்டில் முதன்முதலாக வேதியியல் படிக்கும் பிள்ளை அகப்பட்டுக்கொள்கிறது.

இது பேச்சாகையால் குறியீடுகளை விடுத்துப் பொருள்களைப் பெயராலேயே சொல்கிறேன். நீங்கள் ஏட்டில் எழுதும்போது குறியீடுகளால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹைட்ரஜன் எரிந்து நீராகிறது. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்தால் இரண்டு நீர் மூலக்கூறுகள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூட இதனை எழுதிவிடும். அம்புக்குறியின் இடப்புறம் நான்கு ஹைட்ரஜன் அணுக்கள், வலப்புறமும் நான்கு. இடப்புறம் இரண்டு ஆக்சிஜன், வலப்புறமும் இரண்டு. கணக்கு முடிந்தது என்று கோடு கிழித்துவிடுகிறோம். ஆனால் எரிந்ததே, அந்த நெருப்பு எங்கே போயிற்று? சமன்பாட்டில் அதற்கு இடமில்லை. பொருள்களின் கணக்கு எழுதப்பட்டது; வெப்பத்தின் கணக்கு எழுதப்படவில்லை. அதனையும் சேர்த்து எழுதுவதே வெப்ப வேதியியல் சமன்பாடு. அது இவ்வாறு அமையும்:

ஹைட்ரஜன் (வாயு) + ½ ஆக்சிஜன் (வாயு) → நீர் (நீர்மம்); டெல்டா ஹெச் = −285.8 கிலோ ஜூல்

டெல்டா ஹெச் என்பது என்தால்பி மாற்றம். திறந்த பாத்திரத்தில், அதாவது மாறாத அழுத்தத்தில் நிகழும் வினையில், வெளிப்படும் அல்லது உட்கொள்ளப்படும் வெப்பமே அது என்று இப்போதைக்குக் கொள்ளுங்கள். அட்டவணைகளில் காணும் எண்கள் பெரும்பாலும் 25 டிகிரி செல்சியசுக்கு உரியவை. இந்த ஒரே வரியில் மூன்று இடங்களில் நம் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள்.

முதலாவது, அந்த அரை. "ஐயா, அரை மூலக்கூறு எப்படி இருக்கும்?" என்று ஒரு மாணவி என்னைக் கேட்டாள். மிக நல்ல கேள்வி. அரை மூலக்கூறு ஆக்சிஜனாக இராது. ஆனால் இங்கே எழுதப்படுவது மூலக்கூறின் எண்ணிக்கை அன்று, மோல். ஒரு மோல் ஆக்சிஜன் 32 கிராம்; அரை மோல் 16 கிராம். பதினாறு கிராமை எவரும் நிறுத்து எடுக்கலாம். ஒரு மோல் நீருக்கு எவ்வளவு வெப்பம் என்று சொல்ல விரும்பும்போது அரை வருவது இயல்பு. அரையை விரும்பாதவர் சமன்பாடு முழுவதையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் வெப்பத்தையும் இரண்டால் பெருக்கவேண்டும். −571.6 ஆகிவிடும். பொருள்களை இரட்டித்துவிட்டு வெப்பத்தை அப்படியே விட்டுவிடுவது, இரண்டு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி எழுதுவது போன்றதாகும். இந்த உவமையைச் சொன்ன பிறகு என் வகுப்பில் அந்தப் பிழை அருகிவிட்டது.

இரண்டாவது, அடைப்புக்குறிக்குள் எழுதும் நிலை. திண்மம், நீர்மம், வாயு என்று எழுதுவதைப் பிள்ளைகள் அலங்காரமாக எண்ணுகிறார்கள். நேரம் போதாவிட்டால் முதலில் கைவிடுவது அதைத்தான். ஆனால் மேற்கண்ட வினையில் உண்டாகும் நீர், நீர்மமாக அன்றி நீராவியாக நின்றுவிட்டால் வெளிப்படும் வெப்பம் 241.8 கிலோ ஜூல் மட்டுமே. வேறுபாடு 44. பதினெட்டு கிராம் நீரை ஆவியாகவே வைத்திருப்பதற்கு அந்த வெப்பம் செலவாகிவிட்டது. கொதிநீர் பட்ட புண்ணைவிட ஆவி பட்ட புண் கொடிது என்பதைச் சமையற்கட்டில் நிற்கும் தாய்மார்கள் அறிவார்கள். ஆவி தோலின் மீது நீராக மாறும்போது, தன்னுள் வைத்திருந்த வெப்பத்தையும் சேர்த்து இறக்கிவிடுகிறது. கார்பனுக்கு "திண்மம்" என்று எழுதினாலும் போதாது. கிராஃபைட்டா வைரமா என்று சொல்லவேண்டும். ஒரு மோல் கிராஃபைட் முழுமையாக எரிந்தால் 393.5 கிலோ ஜூல். வைரம் எரிந்தால் 395.4. வைரத்தை எரிக்க நம்மில் எவரும் முன்வரப்போவதில்லை என்பதால் இதனை இவ்வளவில் விடுகிறேன்.

மூன்றாவது, குறி. இங்கேதான் நான் சற்று நின்று பேசவேண்டும்.

எதிர்க்குறி கண்டவுடன் பிள்ளைகள் குளிர்ச்சி என்று எண்ணுகிறார்கள். நேர்க்குறி என்றால் சூடு என்று எண்ணுகிறார்கள். நெருப்பு எரிகிறது, எண்ணுக்கு முன்னால் எதிர்க்குறி எழுது என்றால் மனம் ஒப்பவில்லை. இந்தக் கணக்கு யாருடைய கணக்கு என்பதைக் கேட்டுவிட்டால் குழப்பம் தீரும். இது அருகில் நின்று குளிர் காய்கின்ற நம்முடைய கணக்கு அன்று. வினையில் ஈடுபடும் பொருள்களின் கணக்கு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தம்மிடமிருந்த வெப்பத்தைச் சுற்றுப்புறத்துக்குக் கொடுத்துவிட்டன, அவற்றின் கையிருப்பு குறைந்தது, ஆகவே எதிர்க்குறி. இது வெப்ப உமிழ்வினை. யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வயலுக்குத் தெளிப்பதற்காக வாளியில் யூரியாவைக் கையால் கரைத்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். கை சில்லிட்டுப்போகும். யூரியா கரையும்போது நீரிடமிருந்தும் கையிடமிருந்தும் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஒரு மோலுக்கு ஏறத்தாழ 15 கிலோ ஜூல். வாங்கியதால் அதன் கணக்கில் வரவு, ஆகவே நேர்க்குறி. இது வெப்பக்கொள்வினை. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில் பயிலும் பிள்ளைகள் இதனை ஒரு வெப்பமானியும் 60 கிராம் யூரியாவும் ஒரு லிட்டர் தண்ணீரும் கொண்டு செய்து பார்க்கலாம். வெப்பமானி ஏறத்தாழ மூன்றரை டிகிரி இறங்கும். குளிர்ந்த வினைக்கு நேர்க்குறி என்பதைக் கையே கற்றுக்கொடுத்துவிடும்.

கை கற்றுக்கொடுப்பதைப் பற்றிச் சொல்லும்போது என் பள்ளி நாள் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதனைச் சொல்லாமல் இந்தப் பாடம் நிறைவுறாது.

எங்கள் ஊருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. என் தாயார் அதில் கல் சுமந்தார். கல்லையும் கரியையும் அடுக்கடுக்காக இட்டு எரிப்பார்கள். எரிந்து ஆறிய கட்டிகளைக் குழியில் கொட்டித் தண்ணீர் விடுவார்கள். விடுமுறை நாட்களில் நானும் உடன் போவேன். ஒரு நாள் வகுப்பில் ஆசிரியர், சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால் என்ன நிகழும் என்று கேட்டார். நீற்றுச் சுண்ணாம்பு கிடைக்கும் என்பது புத்தகத்தின் விடை. நான் எழுந்து, "கொதிக்கும் ஐயா. ஆவி எழும். தெறித்தால் தோல் வெந்துவிடும்" என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்றார். அம்மா வேலை செய்யும் காளவாயில் பார்த்தேன் என்றேன். பின் வரிசையில் சிரிப்பு எழுந்தது. நான் எந்தத் தெருப் பிள்ளை என்பதை என் விடை சொல்லிவிட்டது. ஆசிரியர் சிரிக்கவில்லை, சிரித்தவர்களைத் தடுக்கவும் இல்லை. "புத்தகத்தில் உள்ளதை மட்டும் சொல்" என்று கூறி என்னை அமர்த்திவிட்டார். புத்தகத்தின் சமன்பாட்டில் சுண்ணாம்பு இருந்தது, நீர் இருந்தது, வெப்பம் இல்லை. எனக்குத் தெரிந்தது பாடத்தைச் சேர்ந்ததன்று என்று அன்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அந்தப் பள்ளியில் இருந்தவரை நானாக எழுந்து எந்த விடையும் சொன்னதில்லை.

பல ஆண்டுகள் கழித்துக் கல்லூரி நூலகத்தில் உருவாதல் என்தால்பி அட்டவணை ஒன்று என் கைக்குக் கிடைத்தது. ஒரு மோல் சேர்மம் அதன் தனிமங்களிலிருந்து உருவாகும்போது நிகழும் என்தால்பி மாற்றங்களின் பட்டியல் அது. நான் முதலில் தேடியது சுண்ணாம்பைத்தான். நீற்றுச் சுண்ணாம்பு −986.1, சுட்ட சுண்ணாம்பு −635.1, நீர் −285.8. விளைபொருளின் தொகையிலிருந்து வினைபடுபொருள்களின் தொகையைக் கழிக்கவேண்டும். இரண்டும் எதிர்க்குறி எண்கள் என்பதால் இங்கே கவனம் வேண்டும். −986.1 இலிருந்து −920.9ஐக் கழித்தால் −65.2. ஆகவே,

சுட்ட சுண்ணாம்பு (திண்மம்) + நீர் (நீர்மம்) → நீற்றுச் சுண்ணாம்பு (திண்மம்); டெல்டா ஹெச் = −65.2 கிலோ ஜூல்

வெறும் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வெளிப்படும் வெப்பம் இது. 200 கிராம் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். கொதிக்கும் ஐயா என்று நான் சொன்னது சரி. என் விடையில் குறைந்தது எண் ஒன்றுதான். (பிள்ளைகளே, யூரியாவைக் கரைத்துப் பாருங்கள், சுண்ணாம்பை மட்டும் வீட்டில் நீற்றிப் பார்க்காதீர்கள். கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். காளவாயில் வேலை செய்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.)

இனி இதே சுண்ணாம்பைக் கொண்டு பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வருவோம். ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவில் பணியாற்றிய ஹெஸ் என்னும் வேதியியலறிஞர் 1840ஆம் ஆண்டு ஒரு விதியை வெளியிட்டார். ஒரு வினை ஒரே படியில் நிகழ்ந்தாலும் பல படிகளில் நிகழ்ந்தாலும், தொடக்கப் பொருள்களும் இறுதிப் பொருள்களும் அவற்றின் நிலைகளும் ஒன்றாக இருப்பின், மொத்த வெப்ப மாற்றம் ஒன்றே என்பது அவ்விதி. மலைக்குப் படி வழியாக ஏறினாலும் வண்டிப் பாதையாக ஏறினாலும் உச்சியின் உயரம் ஒன்றுதானே. இதனால் வெப்ப வேதியியல் சமன்பாடுகளை இயற்கணிதச் சமன்பாடுகளைப்போல் கூட்டலாம், கழிக்கலாம், திருப்பியும் எழுதலாம். திருப்பினால் குறி மாறும். நேரடியாக அளக்க முடியாத வெப்பங்களை இம்முறையால் அறிகிறோம். கார்பனை எரித்துக் கார்பன் மோனாக்சைடு மட்டும் உண்டாகுமாறு செய்வது இயலாது. சிறிதளவேனும் கார்பன் டை ஆக்சைடு கலந்துவிடும். ஆனால் கார்பன் முழுமையாக எரிவதையும் (−393.5) கார்பன் மோனாக்சைடு எரிவதையும் (−283.0) தனித்தனியே அளக்கலாம். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் −110.5. மூடிய அறையில் கரியடுப்பு மூட்டுவோர் இந்த மூன்று எண்களை நினைவில் வைப்பது நல்லது. காற்றுப் போதாமல் எரியும் கரி நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று மேலான வெப்பத்தையே தருகிறது. அதனோடு உயிர் குடிக்கும் வாயுவையும் தருகிறது.

காளவாய்க்குத் திரும்புவோம். சுண்ணாம்புக்கல் சுடப்படும்போது,

சுண்ணாம்புக்கல் (திண்மம்) → சுட்ட சுண்ணாம்பு (திண்மம்) + கார்பன் டை ஆக்சைடு (வாயு); டெல்டா ஹெச் = +178.3 கிலோ ஜூல்

நேர்க்குறியைப் பாருங்கள். காளவாய் அனலாகக் கொதிக்கிறது, ஆனால் வினை வெப்பக்கொள்வினை. அனல் கரியினுடையது, கல் அதனை வாங்கிக்கொள்கிறது. நூறு கிராம் கல்லுக்கு 178.3 கிலோ ஜூல். பன்னிரண்டு கிராம் கார்பன் 393.5 கிலோ ஜூல் தருமாயின், இதற்கு எத்தனை கிராம் கார்பன் வேண்டும் என்று வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 5.4 கிராம் வரும். அதாவது நூறு கிலோ கல்லைச் சுடுவதற்குக் குறைந்தது ஐந்தரைக் கிலோ அளவுக்குக் கார்பன். இது கணக்கின் கீழ் எல்லை. கல்லை ஏறத்தாழ 900 டிகிரிக்குச் சூடேற்றவேண்டும். புகையோடு வெப்பம் போகிறது, சுவரின் வழியே போகிறது, கல் சுமப்பவரின் முகத்திலும் முதுகிலும் போகிறது. ஆகவே நடைமுறையில் கரி இதைவிட மிகுதியாகவே செலவாகும். எவ்வளவு மிகுதி என்பதுதான் ஒரு காளவாய் நன்கு கட்டப்பட்டதா இல்லையா என்பதைக் காட்டும் அளவுகோல். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பிள்ளை, காளவாய்க்குக் கூலியாளாகப் போகவேண்டியதில்லை. அதனைத் திருத்தி அமைப்பவராகப் போகலாம். தோல் பதனிடும் தொட்டிகளுக்கும், சர்க்கரை ஆலைக்கும், வீட்டுச் சுவருக்கும் இன்றும் சுண்ணாம்பு வேண்டியிருக்கிறது.

சுட்ட சுண்ணாம்பு குழியில் நீறும்போது 65.2 கிலோ ஜூல் வெளிப்படுவதைக் கண்டோம். அதன் பிறகு அது மணலோடு கலந்து சுவரில் பூசப்படுகிறது. அங்கே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாக இறுகுகிறது.

நீற்றுச் சுண்ணாம்பு (திண்மம்) + கார்பன் டை ஆக்சைடு (வாயு) → சுண்ணாம்புக்கல் (திண்மம்) + நீர் (நீர்மம்); டெல்டா ஹெச் = −113.1 கிலோ ஜூல்

இவ்வளவு வெப்பம் வெளிப்பட்டும் சுவரைத் தொட்டால் சுடுவதில்லையே என்று கேட்பீர்கள். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நிகழ்வதால் கைக்குத் தெரிவதில்லை. எவ்வளவு என்பதைச் சமன்பாடு சொல்லும். எத்தனை நாளில் என்பதைச் சொல்லாது. அது வேறு பாடம்.

இப்போது மூன்று சமன்பாடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுங்கள். சுண்ணாம்புக்கல் இடப்புறமும் வலப்புறமும் நிற்கிறது, அடித்துவிடுங்கள். சுட்ட சுண்ணாம்பு, நீற்றுச் சுண்ணாம்பு, நீர், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் அடிபட்டுப் போகின்றன. பொருள் ஒன்றும் மிஞ்சவில்லை. வெப்பத்தைக் கூட்டுங்கள்: 178.3 வரவு, 65.2 செலவு, 113.1 செலவு. மீதி சுழி. காளவாயில் கல்லுக்குக் கொடுத்த வெப்பம், குழியில் ஒரு தவணையும் சுவரில் ஒரு தவணையுமாகத் திரும்ப வந்துவிட்டது. இதனை முதன்முதலில் கூட்டிப் பார்த்த அன்று எனக்கு இரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை. என் தாயார் சுமந்த கல்லுக்குள் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கிறது. மறுமுறை ஊருக்குப் போனபோது அவரிடம் சொன்னேன். "குழியில கொதிக்கறது காளவாய்ச் சூடுதானே, வேற எங்கிருந்து வரும்?" என்றார். ஹெஸ் விதியை அவருக்குக் கற்பிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இனி, குறியைப் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் ஒன்று உண்டு. நம் சங்க நூலகத்தில் அன்பர்கள் வழங்கிய பழைய வேதியியல் நூல்கள் நிறைய இருக்கின்றன. புதிய நூல் வாங்க இயலாத பிள்ளைகள் அவற்றைத்தான் படிக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றில் கார்பன் எரியும் சமன்பாடு, கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும், கூட்டல் குறியிட்டு 94 கிலோ கலோரி வெப்பமும் என்று இருக்கும். வெப்பத்தையும் ஒரு விளைபொருளாகக் கருதி வலப்புறத்தில் கூட்டி எழுதிய பழைய மரபு அது. வெளிப்படும் வெப்பம் அங்கே நேர்க்குறி பெறும். இன்றைய மரபில் டெல்டா ஹெச் −393.5 கிலோ ஜூல். 94.05ஐ 4.184ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். இரண்டு நூலும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன. ஒன்று சுற்றுப்புறம் பெற்றதை எழுதுகிறது, மற்றொன்று பொருள்கள் இழந்ததை எழுதுகிறது. ஆனால் பழைய நூலைப் படித்துவிட்டு டெல்டா ஹெச் என்று எழுதி அதன்பின் +94 என்று இட்ட பிள்ளைக்கு மதிப்பெண் இல்லை. சென்ற ஆண்டு நம் வகுப்பின் மிகக் கெட்டிக்காரப் பையனுக்கு இது நேர்ந்தது. "புத்தகத்தில் உள்ளதைத்தானே எழுதினேன்" என்று அவன் கேட்டபோது எனக்கு விடை சொல்ல நாவெழவில்லை. அந்தப் பழைய நூலை அவனுக்கு எடுத்துக் கொடுத்தவன் நான்.

அவனுக்கு ஆறுதலாக ஒருவரைப் பற்றிச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். மேகநாத் சாகா 1893ஆம் ஆண்டு டாக்காவை அடுத்த சிற்றூர் ஒன்றில், ஒரு சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். தாழ்ந்ததெனக் கருதப்பட்ட சாதி. தொடக்கப் பள்ளிக்குமேல் படிக்கவைக்கக் குடும்பத்தால் இயலவில்லை. ஒரு மருத்துவர் தம் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். தன் பாத்திரத்தைத் தானே கழுவிக்கொள்ளவேண்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பது ஏற்பாடு. பின்னர்க் கல்கத்தாவில் கல்லூரி விடுதியில் மற்ற மாணவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண அவரை விடவில்லை. அவரை நம் பட்டியலைச் சேர்ந்தவர் என்று சிலர் மேடையில் சொல்லிவிடுகிறார்கள், அது சரியன்று. பிறர் பெருமையை நாம் கடன் வாங்கவேண்டியதில்லை. ஆனால் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவரின் நிலை நமக்குப் புரியாததும் அன்று.

அவர் 1920ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை சூரியனின் நிறமண்டலத்தைப் பற்றியது. அங்கே கால்சியம் அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாக இருப்பது ஏன் என்பது கேள்வி. சாகா என்ன செய்தார்? அந்நிகழ்ச்சியை ஒரு வேதிவினையாகவே கருதினார். நாம் வகுப்பில் எழுதுவதைப் போன்றே ஒரு சமன்பாடு எழுதினார்: கால்சியம், கால்சியம் அயனியாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது; வலப்புறத்தின் இறுதியில், கழித்தல் குறியிட்டு, அதற்குச் செலவாகும் வெப்பம். ஒரு மோலுக்கு ஏறத்தாழ 1,40,000 கலோரி. பழைய மரபுப்படி, உட்கொள்ளப்படும் வெப்பம் ஆகையால் கழித்தல் குறி. இன்று நாம் அதனையே டெல்டா ஹெச் ஏறத்தாழ +590 கிலோ ஜூல் என்று எழுதுவோம். அந்த வெப்பத்தைக் கொண்டு, எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எத்தனை பங்கு அணுக்கள் அயனியாகும் என்று கணக்கிட்டார். விண்மீன்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அவற்றின் வெப்பநிலையை அறியும் வழி அதனால் திறந்தது. கல்லூரி மாணவர்கள் இன்றும் அதனைச் சாகா சமன்பாடு என்றே படிக்கிறார்கள். அவர் 1927இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1952இல் நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் எடுத்துக்கொண்ட தனிமம் கால்சியம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். நம் காளவாய்ச் சுண்ணாம்பில் உள்ளதும் அதே உலோகம்தான். அது தற்செயல், ஆயினும் அந்தப் பையன் அதைக் கேட்டுச் சிரித்தான்.

சாகா எழுதிய குறியையே இன்று டெல்டா ஹெச் என்பதன் பின்னே எழுதினால் தேர்வாளர் அடித்துவிடுவார். அதற்காகத் தேர்வாளர் மீது சினம் கொள்வதில் பயனில்லை. எந்த மரபில் எழுதுகிறோம் என்பதை அறிந்து எழுதுவதே வழி. அறியாமல் விட்டதற்குப் பிள்ளைகள் பொறுப்பாளிகள் அல்லர். நாம்தான்.

ஆகவே இந்த வெள்ளி விழாவில் சங்கத்திடம் ஒரு சிறு வேண்டுகோள் வைக்கிறேன். பெருஞ்செலவு பிடிப்பதன்று. நம் நூலகத்திலுள்ள பழைய வேதியியல் நூல்களை நானே ஒருமுறை பார்த்துத் தருகிறேன். இரண்டு இளைஞர்கள் முன்வந்தால், அவற்றுள் பழைய மரபில் எழுதப்பட்டவை ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு சீட்டு ஒட்டிவிடலாம். சீட்டின் வாசகத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன்: "இந்நூலில் வெளிப்படும் வெப்பத்துக்கு நேர்க்குறி இடப்பட்டுள்ளது. டெல்டா ஹெச் எழுதும்போது குறியை மாற்றுக. கிலோ கலோரியை 4.184ஆல் பெருக்கிக் கிலோ ஜூலாக்குக. பொருளின் நிலையை ஒவ்வொன்றுக்கும் எழுதுக." கூட்டம் முடிந்ததும் நூலக அறையில் இருப்பேன். பசை வாங்கிவைத்திருக்கிறேன்.